டிக்கட்டில் ஒரு பெயர், விமானத்தில் வேறு பெயர்



கிராமங்களில் நடைபெறும் மாதாந்தப் பெண்கள் கூட்டங்களில் அண்மைக் காலமாகத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், நாங்க எடுத்த டிக்கட் ஒரு கம்பனிட. இப்ப வேற கம்பனிட பிளேனில போகச் சொல்றாங்க. இது சரியான டிக்கட்தானா? போனா ஏத்துவாங்களா?" என்பதே அந்தக் கேள்வி. கடன்பட்டு, நகை அடகு வைத்து, பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுப் புறப்படும் ஒரு பெண்ணுக்கு இந்தக் கேள்வி சிறியதல்ல. ஆகவே இம்மாதம் இதனைப் பற்றிப் பார்ப்போம்.

எமது மாவட்டத்திலிருந்து விமானம் ஏறும் பெண்கள் பல வகையினர். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்பவர்கள், அங்கிருந்து விடுமுறையில் வந்து திரும்புபவர்கள், கண் சிகிச்சைக்காக மதுரைக்கோ வேறு வைத்தியத்துக்காகச் சென்னைக்கோ செல்பவர்கள், யுத்த காலத்தில் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட உறவுகளைப் பார்க்கச் செல்பவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவர்களில் பெரும்பாலானோர் எடுப்பது மலிவுக் கட்டண டிக்கட்தான். இத்தகைய டிக்கட்டுகளில் இடையில் மாற்றங்கள் வருவது வழமை. மாற்றம் வந்தால் பயப்படத் தேவையில்லை. ஆனால் என்ன மாறியது என்பதை நாமே கேட்டு அறிந்து, எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

மலிவுக் கட்டண விமான சேவை என்றால் என்ன?

வழமையான விமான நிறுவனத்தின் டிக்கட்டில் பெரும்பாலும் ஆசனம், பயணப் பொதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்திருக்கும். மலிவுக் கட்டண நிறுவனம் ஆசனத்தை மட்டும் விற்கும். பொதிக்கு வேறு காசு, சாப்பாட்டுக்கு வேறு காசு, விரும்பிய ஆசனத்துக்கு வேறு காசு. இன்று கட்டுநாயக்காவுக்கு வந்துபோகும் சார்ஜாவின் எயார் அரேபியா, டுபாயின் ஃப்ளைடுபாய், குவைத்தின் ஜசீரா எயார்வேஸ் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. எமது நாட்டின் ஃபிட்ஸ்எயார் 2022 ஆம் ஆண்டு வெளிநாட்டுச் சேவையை ஆரம்பித்தது. இதுவும் இந்த வகையே.

இந்த நிறுவனங்கள் எப்படி மலிவாகத் தருகின்றன? குறைந்த எண்ணிக்கையான விமானங்களை நாள் முழுவதும் ஓய்வின்றிப் பறக்க விடுவதால்தான். ஒரு விமானம் பழுதானால் அதற்குப் பதிலாக விடுவதற்கு இன்னொன்று பல வேளைகளில் இருக்காது. ஒரே பஸ்ஸை வைத்துச் சேவை நடத்தும் முதலாளியின் நிலைதான் இது. டயர் வெடித்தால் அன்றைய ஓட்டம் நின்றுவிடும்.

இன்னொரு விடயமும் உண்டு. பெரிய விமான நிறுவனங்கள் ஒன்றின் பயணியை மற்றது ஏற்றிக் கொள்வதற்கு முன்கூட்டியே உடன்படிக்கை செய்து வைத்திருக்கின்றன. மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றுக்கு இத்தகைய உடன்படிக்கை கிடையாது. ஆகவே அவை தமது பயணிகளை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். அவசரமாகச் செய்யும் ஏற்பாட்டில் தவறுகள் நுழைவதும் இயல்பே. பெயரில் ஓர் எழுத்து விடுபடலாம். காசு கட்டிய பொதி பதிவுக்கு வராமல் போகலாம்.

எமது நாட்டில் நடந்த உதாரணம்

மிஹின் லங்காவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அரசாங்கத்துக்குச் சொந்தமான இந்த மலிவுக் கட்டண விமான சேவை 2007 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. 2008 இல் பறப்புகளை நிறுத்தி, 2009 இல் மீண்டும் தொடங்கியது. புத்த கயாவுக்கு யாத்திரை சென்ற சிங்கள மக்களும், 2012 முதல் மதுரைக்குச் சென்ற எம்மவர்களும், வளைகுடா நாடுகளில் தொழில் புரிந்தவர்களும் இதில் பயணித்தார்கள். கடன் சுமை அதிகரித்ததால் 2016 ஒக்டோபர் இறுதியில் மிஹின் லங்கா மூடப்பட்டது. அதன் பயண வழிகளையும் விமானங்களையும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பொறுப்பேற்றது. டிக்கட்டில் 'எம்ஜே' என்று தொடங்கிய விமான இலக்கம் 'யூஎல்' என்று மாறியது.

இரண்டும் அரசாங்கத்தின் நிறுவனங்கள் என்பதால் பயணிகள் அநாதரவாக விடப்படவில்லை. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. இந்தியாவில் எயார் டெக்கான் என்ற மலிவு விமான சேவை 2003 இல் தொடங்கியது. அது கிங்ஃபிஷர் நிறுவனத்தின் கைக்குப் போய், 2008 இல் கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர் மாறியது. 2012 ஒக்டோபரில் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் ஜெட் எயார்வேஸ் நின்றது. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நின்றது. இவற்றில் டிக்கட் வைத்திருந்தவர்கள் பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டி வந்தது. மறுபுறத்தில் 2024 ஒக்டோபரில் முன்னாள் எயார் ஏசியா இந்தியா எயார் இந்தியா எக்ஸ்பிரஸுடனும், அதே ஆண்டு நவம்பரில் விஸ்தாரா எயார் இந்தியாவுடனும் இணைக்கப்பட்டபோது, பழைய டிக்கட்டுகள் புதிய நிறுவனத்தின் டிக்கட்டுகளாக மாற்றப்பட்டன.

ஒரு நிறுவனம் இணைக்கப்பட்டால் எமது டிக்கட் உயிருடன் இருக்கும். நிறுவனம் விழுந்துவிட்டால் டிக்கட் வெறும் கடன் பத்திரமாகிவிடும். ஆகவே மாற்றச் செய்தி வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்னை மாற்றியிருக்கிறீர்களா, அல்லது ரத்துச் செய்திருக்கிறீர்களா?" என்பதாகும்.

மாற்றங்கள் நான்கு வகை

முதலாவது, விமானத்தை மட்டும் வாடகைக்கு எடுப்பது. உங்கள் நிறுவனம் வேறு நிறுவனத்தின் விமானத்தையும் விமானியையும் பணியாளர்களையும் வாடகைக்கு எடுத்து ஓட்டும். விமானத்தின் உடலில் வேறு பெயர் எழுதப்பட்டிருக்கும். ஆனால் இலக்கமும் பொதி அளவும் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். கல்யாணத்துக்குப் பேசிய வான் பழுதானதால் சாரதி தன் கூட்டாளியின் வானைக் கொண்டு வருவது போன்றது இது.

இரண்டாவது, டிக்கட் வாங்கும்போதே இரண்டு நிறுவனங்கள் சம்பந்தப்பட்டிருப்பது. ஒரு நிறுவனம் விற்கும், இன்னொரு நிறுவனம் பறக்கும். டிக்கட்டில் 'ஒப்பரேட்டட் பை' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் பெயர்தான் உங்களை உண்மையில் ஏற்றிச் செல்லும் நிறுவனம். பலரும் இதைப் பார்ப்பதில்லை. விமான நிலையத்தில் பிழையான கவுன்ரருக்கு முன்னால் மணிக்கணக்காக வரிசையில் நிற்பது இதனால்தான்.

மூன்றாவது, மேலே சொன்னது போன்று நிறுவனங்கள் இணைவது.

நான்காவது, உங்கள் விமானம் ரத்தாகி, அதற்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் விமானத்தில் உங்களுக்கு ஆசனம் எடுத்துத் தருவது. மிகக் கவனமாக இருக்க வேண்டியது இந்த வகையில்தான். ஏனெனில் இங்கு புதிய டிக்கட், புதிய இலக்கம், புதிய விதிகள் வருகின்றன.

செய்தி யாருடைய தொலைபேசிக்குப் போகிறது?

இவ்விடயத்தில் எமது பெண்கள் அதிகம் பாதிக்கப்படும் இடம் இதுதான். விமான நிறுவனம் மாற்றத்தை அறிவிக்காமல் இருப்பதில்லை. குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பத்தான் செய்கிறது. அது யாருக்குப் போகிறது என்பதுதான் பிரச்சினை. டிக்கட் பதிவு செய்யும்போது கொடுக்கப்பட்ட தொலைபேசி இலக்கத்துக்கே அது போகும். எமது பெண்களின் டிக்கட்டை யார் பதிவு செய்கிறார்கள்? ஏஜென்சிக்காரர், சப் ஏஜென்ட், அண்ணன், மச்சான், வெளிநாட்டிலுள்ள மடம். ஆகவே பயணம் செய்யும் பெண்ணைத் தவிர மற்ற எல்லோருக்கும் செய்தி போய்ச் சேரும்.

யுத்தத்தில் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் வாழும் சகோதரி ஒருவர் குவைத்தில் இரண்டு வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பும் டிக்கட்டை எடுத்தவர் அவருடைய மடம். பொதி 40 கிலோ என்று சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பி, இரண்டு வருடமாகச் சேர்த்த சாமான்களை இரண்டு பெட்டிகளில் கட்டியிருந்தார். விமான நிலையத்துக்குப் போனபோது விமானம் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கு அவருடைய பெயருக்கு நேரே 20 கிலோ மட்டுமே இருந்தது. மிகுதிக்குக் காசு கட்டச் சொன்னார்கள். கடைசி மாதச் சம்பளத்தையும் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் அவர் கையில் காசு இருக்கவில்லை. ஒரு பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறினார். அதற்குள் பிள்ளைகளின் சப்பாத்துகளும், இரண்டு போர்வைகளும், தாய்க்கு வாங்கிய டோர்ச் லைற்றும் இருந்தன.

"மடத்துட போனுக்குத்தான் மெசேஜ் வந்திருக்கு. அவ சொல்லல்ல. எயார்போட்டில போய் நிக்கக்குள்ளதான் எனக்குத் தெரியும்" என்றார் அவர். முறைப்பாடு செய்வதற்கு 40 கிலோவுக்குக் காசு கட்டிய பற்றுச்சீட்டு வேண்டும். அதுவும் மடத்திடமே இருந்தது. அவரிடம் இருந்தது கடவுச்சீட்டும் ஏறும் அட்டையும் மட்டுமே.

இதற்கு மாறான சம்பவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். படுவான்கரையைச் சேர்ந்த ஓர் இளம் பெண் தாயைக் கண் சத்திரசிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் சென்றார். டிக்கட்டை எடுத்தது நகரிலுள்ள ஒரு பயண முகவர். அந்தப் பெண் முகவரிடம் பிடிவாதமாக நின்று, பதிவில் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தைப் போடச் செய்தார். பயணத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்னர் அவருக்கு மெசேஜ் வந்தது. விமானம் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தது. நேரமும் காலையிலிருந்து பின்னேரத்துக்குப் போயிருந்தது. தாய், "இதென்ன மனே, போகாம விடுவமா?" என்று பயந்துவிட்டார். மகள் முகவரிடம் போய்ப் புதிய டிக்கட்டை அச்செடுத்து வாங்கினார். அதில் பொதி அளவு போடப்படவில்லை. முன்னர் காசு கட்டிய 30 கிலோவையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்டு வாங்கினார். ஆஸ்பத்திரிக்கு அறிவித்து நாளை மாற்றினார். கட்டுநாயக்காவில் கவுன்ரரில் இருந்தவர் 20 கிலோ என்று சொன்னபோது காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பின்னர் பொதி ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இந்த இருவருக்கும் இடையே படிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரும் சாதாரண தரம் வரை படித்தவர்கள். ஒருவருக்குச் செய்தி நேரே கைக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எமது சமூகத்தில் பெண்ணின் பயணத்தை மற்றவர்களே தீர்மானித்து வந்திருக்கிறார்கள். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்த காலத்தில், ஏற்றிய வாகனத்தில் ஏறி, இறக்கிய முகாமில் இறங்கினோம். எங்கே போகிறோம் என்று கேட்க முடியாத காலம் அது. அந்தப் பழக்கம் இன்னும் எம்மிடம் ஒட்டிக் கொண்டிருக்கிறது. "ஏஜென்சி மாத்தியிருக்கு, போ" என்றால் போகிறோம். ஆனால் இது முகாம் அல்ல. இது காசு கொடுத்து வாங்கிய ஒப்பந்தம். வேறொருவர் காசு கொடுத்திருந்தாலும் பயணம் செய்பவர் நாம்தான். கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

எவை மாறியுள்ளன என்று பார்க்க வேண்டும்?

பொதி: இதுதான் முதலாவது. மலிவு நிறுவனத்தில் காசு கட்டி வாங்கிய கிலோ, புதிய நிறுவனத்தின் பதிவில் தானாகவே ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். கைப்பொதியின் அளவும் வேறுபடும். அநேகமாக 7 கிலோ அல்லது 10 கிலோவாக இருக்கும்.

விமான நிலையம்: டுபாய் என்று சொன்னாலும் எல்லா விமானமும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை. எயார் அரேபியாவின் தளம் சார்ஜா. ஃப்ளைடுபாயும் எமிரேட்ஸும் டுபாய் விமான நிலையத்தைப் பயன்படுத்துகின்றன. சார்ஜாவுக்குப் போக வேண்டியவரை டுபாய்க்கு மாற்றினால், அழைக்க வரும் ஆள் சார்ஜாவில் காத்திருப்பார், நீங்கள் டுபாயில் நிற்பீர்கள். குவைத்தில் ஜசீரா எயார்வேஸுக்குத் தனியான கட்டடம் உண்டு. நிறுவனம் மாறினால் வெளியே வரும் வாசலும் மாறும். புதிதாகப் போகும் பெண்ணுக்கு இது பெரிய ஆபத்து. யாரென்று தெரியாத ஒருவர் "நான்தான் கூட்டிப் போக வந்தேன்" என்று சொல்லக்கூடிய இடம் அதுவே. ஆகவே அழைக்க வருபவருக்குப் புதிய விமான இலக்கம் அறிவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அவருடைய பெயரையும் இலக்கத்தையும் எழுதி வைத்திருங்கள்.

இடையில் இறங்கும் நாடு: நேரடி விமானத்துக்குப் பதிலாக வேறு நாட்டில் இறங்கி மாறும் விமானம் தரப்படலாம். அப்போது அந்த நாட்டின் வீசா தேவையா, பொதி கடைசி இடம் வரை தானாகப் போகுமா, அல்லது எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கட் என்றால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

பெயர்: எமது கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர், சொந்தப் பெயர், சிலருக்குக் கணவன் பெயர் என்று நீளமாக இருக்கும். புதிய டிக்கட் கையால் பதிவு செய்யப்படும்போது எழுத்து விடுபடும், அல்லது பெயர் முன்பின்னாக மாறும். கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரி பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் பாடசாலை போகும் பிள்ளையைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

இலக்கம்: டிக்கட்டில் இரண்டு வகை இலக்கங்கள் இருக்கும். ஒன்று எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடப் பதிவு இலக்கம். மற்றையது 13 எண்களைக் கொண்ட டிக்கட் இலக்கம். அதன் முதல் மூன்று எண்கள் எந்த நிறுவனம் அந்த டிக்கட்டை வெளியிட்டது என்பதைக் காட்டும். ஸ்ரீலங்கன் என்றால் 603, எமிரேட்ஸ் 176, கட்டார் எயார்வேஸ் 157, எயார் இந்தியா 098. மலிவு நிறுவனங்கள் பலவற்றில் பதிவு இலக்கம் மட்டுமே இருக்கும். ஆனால் உங்களை ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால், 13 எண் இலக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆறு இடப் பதிவு மட்டும் இருந்தால், ஆசனம் பிடித்து வைக்கப்பட்டுள்ளதே தவிர டிக்கட் இன்னும் வெளியிடப்படாமல் இருக்கலாம். இதைக் கேட்காமல் மட்டக்களப்பிலிருந்து புறப்பட வேண்டாம்.

ஏனெனில் கட்டுநாயக்கா எமக்குப் பக்கத்தில் இல்லை. ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தூரம். பெரும்பாலானோர் இரவுப் புகையிரதத்திலோ பஸ்ஸிலோ போகிறார்கள், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து வான் பிடிக்கிறார்கள். விமானம் பன்னிரண்டு மணித்தியாலம் பிந்தினால் கொழும்பிலிருப்பவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவார். எமது பெண்கள் பெட்டியுடன் கதிரையில் இருக்க வேண்டும், அல்லது லொட்ஜுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆகவே பயணத்துக்கு முதல் நாளும், வீட்டை விட்டு வெளிக்கிடும் முன்னரும் விமான இலக்கத்தையும் நேரத்தையும் ஒரு தடவை சரி பார்ப்பது எமக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்வதேச விமானப் பயணங்களுக்கு 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் என்ற உடன்படிக்கை உண்டு. இலங்கை இதில் இணைந்து, 2019 முதல் இது எமக்கும் நடைமுறையில் உள்ளது. இந்தியா, குவைத், கட்டார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியனவும் இதில் இணைந்த நாடுகளே.

இச்சமவாயத்தில் எமது விடயத்துக்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி ஒன்று இருக்கிறது. டிக்கட் விற்ற நிறுவனம் ஒன்று, அதன் ஏற்பாட்டில் உண்மையில் ஏற்றிச் சென்ற நிறுவனம் இன்னொன்று என்றால், அந்தப் பயணப் பகுதியில் ஏற்படும் இழப்புக்கு இரண்டுமே பொறுப்பு. பயணி எந்த நிறுவனத்திடமும் கேட்கலாம். ஒன்றிடம் கொடுத்த முறைப்பாடு மற்றதுக்கும் கொடுத்ததாகவே கொள்ளப்படும். "அது எங்கள் விமானமல்ல, அங்கே போய்க் கேளுங்கள்" என்று இரண்டு பக்கமும் பந்தடிப்பதைச் சட்டம் ஏற்கவில்லை.

கால எல்லைகளை மனதில் வைத்திருங்கள். பொதி உடைந்து வந்தால் 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பொதி பிந்தி வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் முறையிட வேண்டும். 21 நாட்களாகியும் வராத பொதி தொலைந்ததாகக் கொள்ளப்படும். வழக்குத் தொடர்வதற்கு 2 வருடங்கள் உண்டு. பொதி இழப்புக்கான நட்டஈட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் இறுதியில் உயர்த்தப்பட்டு, இப்போது ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலராக உள்ளது. இது வரம்பு மட்டுமே. உள்ளே இருந்தவற்றின் பெறுமதியை நாம்தான் காட்ட வேண்டும். பொதி கட்டும்போது பெட்டிக்குள் இருப்பதைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் அது உதவும்.

ஜேர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அங்கிருந்து புறப்படும் விமானம் 14 நாட்களுக்கும் குறைந்த அறிவித்தலுடன் ரத்தானால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை நட்டஈடு கேட்கலாம். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு இது பொருந்தாது. இந்தியாவின் விமானப் போக்குவரத்து விதிகளும், விமானம் ரத்தானால் பயணி ஏற்றுக் கொள்ளக்கூடிய வேறு விமானத்தையோ அல்லது பணத்தையோ கொடுக்க வேண்டும் என்று கூறுகின்றன.

மாற்று விமானம் உங்களுக்குப் பொருந்தாது என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் பணம் எந்த வழியால் கட்டப்பட்டதோ அந்த வழியாலேயே திரும்பும். நீங்கள் முகவரிடம் காசாகக் கொடுத்து, அவர் தனது அட்டையால் கட்டியிருந்தால், பணம் அவருடைய அட்டைக்கே போகும். அவர் கொடுத்த பற்றுச்சீட்டு உங்களிடம் இருந்தால்தான் அதை நீங்கள் கேட்டு வாங்க முடியும். துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தருவது பற்றுச்சீட்டாகாது. முகவரின் பெயர், முத்திரை, திகதி, எதற்கான பணம் என்பன அதில் இருக்க வேண்டும்.

எங்கே கேட்கலாம்?

வேலைக்காகச் செல்பவர்கள் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். பணியகத்தில் பதிவு செய்துவிட்டுப் புறப்படுவது அவசியம். பயண முகவர் பணத்தைத் தர மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் உண்டு. வெளிநாட்டில் நிற்பவர்கள் அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் இலக்கத்தைப் புறப்படுவதற்கு முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும்.

டிக்கட் எடுக்கும் நாளில் செய்ய வேண்டியவை

1. பதிவில் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைப் போடச் சொல்லுங்கள். முகவரின் இலக்கத்துடன் உங்களுடையதும் இருக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் பாதிப் பிரச்சினை தீரும்.

2. டிக்கட்டையும் பற்றுச்சீட்டையும் அச்செடுத்து வாங்குங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி கைப்பையில், ஒரு படம் தொலைபேசியில்.

3. 'ஒப்பரேட்டட் பை' என்பதற்குப் பின்னால் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

4. மாற்றம் வந்தால் ஐந்தைக் கேளுங்கள்: எந்த நிறுவனம், எந்த இலக்கம், எத்தனை மணி, எந்த விமான நிலையம், எத்தனை கிலோ. பதிலை வாய்ச்சொல்லாக ஏற்க வேண்டாம். வட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

5. வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது, டிக்கட்டின் படத்தை மடத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு முதல் நாள் மீண்டும் ஒரு தடவை கேளுங்கள். கையில் கொஞ்சம் காசு வைத்துக் கொண்டு மிகுதியை அனுப்புங்கள்.

முன்னர் கொக்கட்டிச்சோலைக்குப் போக மண்முனைத்துறையில் பாதைக்காகக் காத்து நிற்போம். 2014 இல் பாலம் வரும் வரை அந்த நிலைதான். பாதை பழுதானால் துறையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். என்ன செய்யலாம் என்று எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள். விமானப் பயணத்தில் அப்படியில்லை. செய்தி ஒரே ஒரு தொலைபேசிக்குத்தான் போகும். அது உங்கள் தொலைபேசியாக இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, பயணம் போக இருக்கும் ஒரு சகோதரியிடம் கொடுங்கள். வாசிக்க முடியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள், இப்பகுதியில் பதில் தருகிறோம். அடுத்த மாதம், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது அதை யாருடைய பெயரில், எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்பதைப் பற்றிப் பேசுவோம்.